சர்க்கரைக் கிழமை

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்ப்பார்கள். ஊரில் அந்த நாளுக்கே சர்க்கரைக் கிழமை என்று பெயர் விழுந்துவிட்டது. பாபநாசத்திலிருந்து வருகிற டவுன் பஸ் அன்றைக்கு மருத்துவமனை வாசலில் கூட்டத்தை இறக்கிவிட்டு ஏறக்குறையக் காலியாகப் போகும்.

நான் அந்த வரிசையில் போய் நின்றது பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு முகாமினால். பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்ய வந்தவர்கள், வேலை முடிந்ததும் ஆசிரியர்களையும் உட்காரவைத்து விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல உடம்பு என்றுதான் நினைத்திருந்தேன். முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் கருவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், செவ்வாக்கெழமை வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அடுத்த ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டார்.

என் கணவர் கும்பகோணத்தில் வங்கி வேலையில் இருந்தார். அங்கே பெரிய டாக்டர் இருக்கும்போது இந்த வரிசையில் எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டார். நான் பெரிதாக யோசித்து எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த காம்பவுண்டு மருத்துவமனை. இரத்தம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம். அவ்வளவுதான் காரணம்.

முதல் செவ்வாயே அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். அலுமினிய அன்னக்கூடையைக் குழாயடியில் கவிழ்த்துவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். உயரம், அகன்ற தோள், கூட்டத்தில் தனியாகக் கேட்கிற குரல். மீன் விற்பவர். இருவருக்கும் ஒரே ஊர் என்றாலும் அதற்கு முன்பு நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் மீன் வாங்குகிற வீடு இல்லை. அதனால் அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை.

"உங்களுக்கு எவ்ளோங்க?" என்றார்.

"எது?"

"சக்கரதான். வேற எதைக் கேக்கப்போறேன்?"

"இனிமேதான் தெரியும். இன்னிக்குத்தான் மொத தடவை."

"புதுசா!" என்று என்னைத் திரும்பி முழுதாகப் பார்த்தார். "பயப்படாதீங்க. எனக்கு முந்நூறுக்குக் கீழ எறங்குனதே இல்ல. நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். கணவர் படகு வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டுவதற்காக இங்கே வந்து, சில வருடங்களில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் இவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ரயில்வே கேட் பக்கத்தில் வாடகை வீடு. விடியற்காலையில் கடற்கரையிலிருந்து வருகிற வேனில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து நான்கைந்து கிராமங்கள் நடப்பார். ஒரே மகள், கல்யாணமானவள். மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மகள் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே.

எனக்கும் சர்க்கரை என்று உறுதியானது. சர்க்கரைக் கிழமையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை இரத்தம் எடுத்துவிட்டுச் சாப்பிட அனுப்புவார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். தலைமை ஆசிரியை எனக்கு முதல் இரண்டு பீரியடை மாற்றிக் கொடுத்திருந்தார். அந்த நேரம் முழுக்க நாங்கள் இருவரும் மருத்துவமனைப் புங்கமரத்தடியில் இருப்போம். என் டப்பாவில் சப்பாத்தி, அவருடைய தூக்கில் சோறு. என்னைப் பார்த்ததும் குழம்பு இருக்கிற கிண்ணத்தை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி மூடிவைப்பார். நான் வேண்டாம், திறந்தே சாப்பிடுங்கள் என்று சொன்ன பிறகும் மூடித்தான் வைப்பார். அடுத்த வருடம்தான் அந்த மூடி திறந்தது.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். சின்ன வயது. காத்திருக்கிறவர்களை உட்காரவைத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். ஒரு நாள், "சோத்தைக் கொறைங்க, காயை அதிகமா போடுங்க" என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர், "வெளைய வைக்கிறதே அதைத்தாம்மா. அதைக் கொறைன்னு எங்ககிட்டயே சொன்னா எப்படி?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. நர்ஸும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நீங்க வெளைய வைங்க ஐயா. நான் வேண்டாங்கலை. தட்டுல பாதி மட்டும் வைங்க" என்றார்.

மீன் விற்கிறவரை அக்கா என்றுதான் நானும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் என்னை டீச்சர் என்பதை விடவேயில்லை. அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் மாத்திரை போடுவார். இரண்டு நாள் சோற்றையும் குறைத்துக்கொள்வார். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளை மாதிரி. அப்படியும் சர்க்கரை பெரிதாக இறங்குவதில்லை, அது வேறு விஷயம். ஒரு தடவை மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"அக்கா, நீங்க தெனமும் மாத்திரை போடலை."

"போடுறேனே."

"திட்டமாட்டேன். என்ன கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பெரிய மாத்திரை போட்டா வயித்தைக் கலக்குதும்மா. தெருவுல கூடையோட நிக்கிறவ எங்க போறது? யாரு வீட்டுக் கதவைத் தட்டி, கொல்லைப்பக்கம் விடுங்கன்னு கேப்பேன்? ஒருநாள் வரப்போரமா ஓடிருக்கேன், தெரியுமா?"

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று சொல்லி டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், மெதுவாகக் கரைகிற வகை, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. ஓரிரு மாதத்தில் வயிறு பழகியது. முந்நூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை என்றவருக்கு இருநூறுக்குப் பக்கத்தில் வந்தது. அன்றைக்கு வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். மகிழ்ச்சியில் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அதையும் நர்ஸிடம், "இது சாப்பிடலாமில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்த வருடம் எல்லோருக்கும் பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது. அக்கா அடுத்துப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸின் கை அவர் காலுக்குப் பக்கத்திலேயே இல்லை. இழையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அப்போதும் "ம்" என்றார்.

நர்ஸ் மறுபடி தொட்டார். பெருவிரலில், விரல்களுக்குக் கீழே சதையில், குதிகாலில். அப்போது அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுக்கா. எந்திரிங்க."

உட்காரவைத்து நர்ஸ் விளக்கிச் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது, தினமும் இராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மெத்தென்ற அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "ஐஸ் தண்ணி தலையிலேருந்து ஒழுகிக்கிட்டே இருக்கும் டீச்சர். செருப்போட வரப்புல போனா வழுக்கிடும். கூடையோட விழுந்தா யாரு தூக்குவா?" என்றார்.

"அப்ப ரோட்டுல மட்டுமாவது போடுங்க."

"போடுறேன், போடுறேன்."

போட்டார் என்றும் சொல்ல முடியாது, போடவில்லை என்றும் சொல்ல முடியாது. மருத்துவமனைக்கு வரும்போது போட்டிருப்பார்.

அடுத்த கோடையில் கடலில் மீன்பிடித் தடைக்காலம். வேன் வராது. அந்த நாட்களில் அக்கா ஏரி மீன், ஆற்று மீன் வாங்கி விற்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் நடந்து இரத்தம் எடுக்கிற அறைக்குள் போனார். வெள்ளை டைல்ஸ் தரையில் ஒன்று விட்டு ஒரு கால்தடத்தில் ஈரமாக ஒரு கறை. நான் முதலில் மீன் தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு நிறம் தெரிந்தது.

"அக்கா, நில்லுங்க. கால்ல என்ன?"

"என்ன?" என்று திரும்பிப் பார்த்து, தரையைப் பார்த்து, காலைத் தூக்கினார். உள்ளங்காலில் கறுப்பாக ஒரு பொத்தல். அதைச் சுற்றி வீங்கியிருந்தது. நர்ஸ் ஓடிவந்து உட்காரவைத்துக் கழுவி, இடுக்கியால் எடுத்தார். கெளுத்தி மீனின் முள், அரை விரல் நீளம். உள்ளேயே ஒடிந்து தங்கியிருக்கிறது. எப்போது குத்தியது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கெளுத்தி ஆய்ந்தேன் என்றார். அதற்குப் பிறகு அந்த முள்ளோடு அத்தனை ஊரும் நடந்திருக்கிறார்.

"வலிக்கவே இல்லையே" என்று எங்களையே மாறி மாறிப் பார்த்தார். நல்ல செய்தியைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். எங்கள் முகங்களைப் பார்த்து அவர் முகம் மெல்ல மாறியது.

தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். வந்தார். புண் ஆறத் தொடங்கியது. அப்போது தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், நிறைய மீனோடு திரும்பின. ஊரே கடல் மீனுக்கு ஏங்கிக் கிடந்த நேரம். அக்கா காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார். கட்டு மாற்ற வரவில்லை. நர்ஸ் ஆள் அனுப்பினார். வீடு பூட்டியிருந்தது. நானும் ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கூடை கழுவிக்கொண்டிருந்தார். காலை நீட்டி, "பாருங்க, ஒண்ணுமில்ல" என்றார். கட்டு சுத்தமாகத்தான் தெரிந்தது, அவரே மாற்றியிருந்தார். நாளைக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றார்.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் மகள் பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் குளிர்ஜுரம், பிதற்றுகிறது என்றாள். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த வீட்டுக்குள் ஒரு வாடை. மீன் விற்கிறவர் வீட்டில் அது மீன் வாடை இல்லை என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. கணுக்கால் வரைக்கும் கறுத்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மகளும் நானும் கூட ஏறிக்கொண்டோம். தஞ்சாவூர் வரைக்கும் அக்கா கண்ணைத் திறக்காமல் மீன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். சங்கரா, காரப்பொடி, மத்தி, மத்தி.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை. உயிர் பிழைக்க வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். பொறுமையாக, படம் போட்டுக் காட்டிச் சொன்னார். மகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். "போடு" என்றேன். வேறு என்ன சொல்வது?

மயக்கம் தெளிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களைக் காட்டி, யார் யாருக்கு என்ன எடுத்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். எல்லோருக்கும் சர்க்கரைதான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மவகிட்ட கேட்டா அழுவா. என் காலை எங்க போட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

"பொதைச்சிருப்பாங்களா, எரிச்சிருப்பாங்களா?"

"கேட்டுச் சொல்றேன்."

அங்கிருந்த பணியாளரிடம் கேட்டேன். முறைப்படி எரித்துவிடுவார்கள் என்றார். வந்து சொன்னேன். அக்கா தலையாட்டினார். "கண்ட எடத்துல போடலைல்ல, சரி. எத்தனை ஊரு நடந்துச்சு, பாவம்" என்றார். அவர் அழவில்லை. நான்தான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் மாதாமாதம் வந்தாள். பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிறவரும் அவ்வப்போது வந்து தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தப் பயிற்சி கொடுத்தார். இன்சுலின் ஊசியை அக்கா தானே போட்டுக்கொள்ளப் பழகினார். செயற்கைக் காலுக்கு அளவு எடுக்க, புண் முழுதாக ஆறிய பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே போய் உட்கார்வேன். அவர் கூடை கட்டிலுக்கடியில் கிடந்தது. அதில் துணிமணி போட்டுவைத்திருந்தார்கள்.

மகள் உண்டாகியிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருப்பூருக்குப் போகாமல் இங்கேயே இருந்தாள். வேலை, அலைச்சல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து அவளுக்கு எல்லோர் மேலும் எரிச்சல் இருந்தது. என் மேலும்தான். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற பரிசோதனைக்குக் கிராம சுகாதார நர்ஸ் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. நான் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஆஸ்பத்திரியையே பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு. எனக்கு இருபத்தாறு வயசுதான் ஆவுது. இந்த வயசுல சக்கரையா?"

கட்டிலில் இருந்த அக்கா புடவையை ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே முடிந்துபோயிருந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்தார். எப்போதும் மூடியேதான் வைத்திருப்பார். மகள் பார்த்தாள்.

"மூடும்மா" என்றாள்.

"போயிட்டு வா. வந்ததும் மூடுறேன்."

மறுநாள் காலை அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த இனிப்புத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். காத்திருந்து இரத்தம் கொடுத்தாள். சர்க்கரை அளவு கூடுதலாகத்தான் இருந்தது. நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: கர்ப்ப காலத்தில் சிலருக்கு வரும், இப்போதே தெரிந்தது நல்லது, சாப்பாட்டிலும் நடையிலும் கட்டுப்படுத்திப் பார்ப்போம், தேவைப்பட்டால் ஊசி. பிள்ளை பெற்ற பிறகு பெரும்பாலும் போய்விடும். ஆனால் பின்னால் வரக்கூடும், வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். காலை எடுத்தபோது அழாத அக்கா அன்றைக்கு அழுதார். சத்தமில்லாமல், வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

"என்கிட்டேருந்து எதையும் அவளுக்குக் குடுத்ததில்ல டீச்சர். ஒரு தோடு வாங்கிப் போட்டதில்ல. இதைப் போயி குடுத்திருக்கேனே."

மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீயா குடுத்த? சும்மா இரும்மா" என்றாள். நான் வாசலில் நின்றேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அறுவடை இயந்திரம் ஒன்று கேட் திறப்பதற்காக நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஆளே மாறிவிட்டார். மகளின் தட்டை அவர்தான் போட்டார். ஒரு கரண்டி சோறு, அதற்கு இரண்டு பங்கு கீரையும் காயும், வேகவைத்த மீன். தன் தட்டிலும் அதையேதான் போட்டுக்கொண்டார். சாப்பிட்டதும் மகளை எழுப்பி வாசலில் நடக்கச் சொல்வார். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் நின்றால், "ஏன் நிக்கிற?" என்று குரல் வரும். தெருவில் மீன் விற்ற அதே குரல். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வெல்லம் கலந்த காப்பரிசி கொண்டுவந்து கொடுத்தாள். மகள் கை நீட்டினாள். அக்கா அதில் ஒரே ஒரு சிட்டிகை எடுத்து மகள் வாயில் போட்டுவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொடுக்க வந்து, நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். மூன்று பேருமே சர்க்கரைக்காரர்கள். மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அவ்வளவு சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அக்காவுக்கும் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் எண் என் எண்ணைவிடக் குறைவாக இருந்தது.

செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த வாரம், ஒரு விடியற்காலையில், வியர்க்கிறது என்று மகளை எழுப்பி மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். நெஞ்சு வலி என்று சொல்லவே இல்லையாம். மகள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை வந்து நாளானவர்களுக்கு இதயத்தில் வலியும் சில சமயம் தெரியாது என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்கு முன்பு அவரை நான் அழுது பார்த்ததில்லை.

கடற்கரையிலிருந்து அக்காவின் உறவுக்காரர்கள் வேனில் வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கரையில் எரியூட்டினார்கள். நான் பெண்களோடு வீட்டிலேயே இருந்துவிட்டேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதியம் யாரோ அவளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சோற்றில் பாதிக்கு மேல் ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். ஒதுக்குவதை மறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துச் செயற்கைக் கால் தயார் என்று தொலைபேசி வந்தது. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

கடைசி இரண்டு மாதங்களில் மகளுக்கு ஊசி தேவைப்பட்டது. தினமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து போட்டுக்கொண்டாள். கும்பகோணத்து அரசு மருத்துவமனையில் பிரசவம். ஆண் குழந்தை. பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் குத்தி அதற்கும் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த கணவன் குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் நின்றான். மகள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க மொதல்ல வாங்குங்க டீச்சர். அம்மா எடத்துல" என்றாள். வாங்கினேன். தலை நிறைய முடி. நீளமான கை கால், அக்காவின் வாகு.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது நர்ஸ் அவளிடம் வருடா வருடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். நான் அவ்வப்போது கூப்பிட்டுக் கேட்பேன். "பாத்துட்டேன் டீச்சர், நார்மல்தான்" என்பாள். ஷிப்ட், பிள்ளை, வீட்டு வேலை. உண்மையிலேயே பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிடுவேன்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. சென்ற மாதம் ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள். பின்னால் தையல் மிஷின் சத்தம்.

"டீச்சர், இங்க அரசாங்க ஆஸ்பத்திரியில பாத்தேன். வந்துடுச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எவ்ளோ?" என்றேன். கேட்டபிறகுதான் அது அக்கா என்னிடம் முதல் நாள் கேட்ட கேள்வி என்று உறைத்தது.

சொன்னாள். ரொம்ப அதிகமில்லை. ஆரம்பம்தான்.

"மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. மூணு நாளா போடுறேன். வயித்தைக் கலக்குது."

"நாளைக்கே போயி அதைச் சொல்லு. மாத்திக் குடுப்பாங்க. வெக்கப்படாத."

"சொல்றேன்."

அவள் உடனே வைத்துவிடவில்லை. நானும் வைக்கவில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதா என்று கேட்டேன். சேர்த்தாயிற்று, மிஸ் பெயரைச் சொல்லச் சொல்லி வீட்டில் எல்லோரையும் படுத்துகிறான் என்றாள். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா இருந்திருந்தா அழுதிருக்கும்ல டீச்சர்?" என்றாள்.

"அழுதிருக்கும்" என்றேன்.